மகன் வேறு கட்சிக்குப் போனால் மனநலச் சோதனை எதற்கு?

போன வாரமும் ஒரு அப்பா, கல்லூரியில் படிக்கும் மகனைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். பையன் எதிர்க்கட்சிப் பக்கம் போய்விட்டானாம். "இவன் குணமே கெட்டுப்போச்சு டாக்டர், ஏதாவது டெஸ்ட் எடுத்துப் பாருங்க" என்கிறார். (நான் உளவியலாளர், மருந்து எழுதும் டாக்டர் இல்லை. அதைச் சொன்னாலும் யாரும் கேட்பதில்லை.) பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதியே வைத்துவிடுகிறேன்.

கட்சியைச் சொன்னால் ஆளைச் சொல்லிவிடலாம் என்ற நினைப்பு சுத்தப் பிதற்றல். புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், பதற்றம் என்று ஐந்து பண்புகளை அளக்கிறோம். அவற்றுக்கும் அரசியல் சார்புக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும் லேசான சாய்வு. உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி அதை வைத்து ஒன்றும் தீர்ப்புச் சொல்ல முடியாது. எல்லாக் கட்சியிலும் எல்லா விதமான ஆட்களும் இருக்கிறார்கள், முசுடு உட்பட.

2012இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில் எந்த அரசியல் சார்புக்கு எந்தப் பண்பு என்பதே தலைகீழாகப் பதிவாகியிருந்தது; 2016இல்தான் திருத்தம் வந்தது. ஆய்வாளர்களுக்கே இந்த நிலைமை, நீங்கள் போனில் பத்துக் கேள்விக்குப் பதில் போட்டுவிட்டு மச்சானுக்கு நோய்ப் பெயர் வைக்கிறீர்கள்!

எந்தக் கட்சி என்பதைவிட எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறார் என்பதுதான் எனக்குச் சுவாரசியம். அதே 2012இல் அமெரிக்காவில் நடந்த வேறொரு பெரிய ஆய்வில், கலகலப்பும் இணக்கமும் உள்ளவர்களுக்குக் கட்சிப் பிடிப்பு கூடுதலாகவும், புதுமை நாட்டம் உள்ளவர்களுக்குக் குறைவாகவும் இருந்தது. அதாவது, கொடி பிடித்துக் கத்துகிறவர் கோபக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கூட்டத்தோடு சேர்ந்திருப்பதில் சந்தோஷப்படும் நல்ல மனுஷனாகவும் இருக்கலாம். அவரிடம் புள்ளிவிவரம் நீட்டினால் உங்களைத்தான் விலக்குவார்.

அதனால் தயவுசெய்து, சாப்பாட்டு நேரத்தில் விவாதம் வேண்டாம். பிள்ளையின் கருத்தை "குணக்கேடு" என்று சொல்லாதீர்கள், அப்புறம் அவன் உங்களிடம் எதையும் பேச மாட்டான். தூக்கம் கெட்டு, வேலை கெட்டு, அடிதடி மிரட்டல் வரை போனால் மட்டும் வாருங்கள், அது எந்தக் கட்சியானாலும் சரி. அப்போதும் அவரைத் தனியாக உள்ளே அனுப்புங்கள். நீங்களும் கூட உட்கார்ந்து அவர் தலைவரைத் திட்டினால் அந்த ஒரு மணி நேரமும் வீண்.