ஒத்தி வட்டி எந்தக் கணக்கில் வருகிறது?

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் குழந்தைகள் நலப் பணியில் இருக்கிறேன். எங்கள் படிவத்தில் 'மாத வாடகை' என்ற கட்டத்தில் பூஜ்யம் எழுதும் வீடுகள் எல்லாம் சொந்த வீடுகள் அல்ல. பல, ஒத்தி வீடுகள்; அதாவது உரிமையாளரிடம் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, அதைத் திரும்பப் பெறும்வரை வாடகை இல்லாமல் குடியிருக்கும் வீடுகள்.

ஒத்திப் பணம் பெரும்பாலும் வட்டிக்கு வாங்கியதுதான். இரண்டு லட்சத்தை இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 4,000 ரூபாய். விசைப்படகுக்குப் போகும் அப்பா, நண்டு கம்பெனிக்குப் போகும் அம்மா, இரண்டு பிள்ளைகள், வருமானம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 3,750. வட்டி கட்டியபின் 2,750. சொந்த வீட்டில் 12,000 வருமானத்தில் இருக்கும் நால்வர் குடும்பத்துக்குத் தலைக்கு 3,000. வருமானத்தை மட்டும் பார்த்தால் இவர்கள்தான் ஏழை. சோறு குறைவதோ அந்த ஒத்தி வீட்டில்.

பிரிட்டனில் வீட்டுச் செலவைக் கழிக்காமலும் கழித்தும் இரண்டு கணக்கு வெளியிடுகிறார்கள். இடைநிலை வருமானத்தில் (எல்லோரையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் வருமானம்) 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வறுமை. 2022-23-இல் கழிக்காமல் சுமார் 32 லட்சம் குழந்தைகள். கழித்தால் 43 லட்சம்.

நம் நாட்டில் வறுமைக் கோட்டை நுகர்வுச் செலவை வைத்தே போட்டார்கள். அதில் வாடகையும் செலவுதான். வாடகை ஏறினால் குடும்பம் வசதியானதுபோலத் தெரியும். ஒத்திக் கடனின் வட்டியோ நுகர்வில் சேரவே சேராது. நிதி ஆயோக்கின் பன்முக வறுமைக் குறியீட்டில் உள்ள 12 அம்சங்களில் வீடும் ஒன்று. ஆனால் தரை, சுவர், கூரை எதனால் ஆனவை என்றுதான் பார்க்கிறார்கள். கான்கிரீட் வீட்டில் ஒத்திக்கு இருக்கும் பிள்ளை அதில் தேறிவிடும்.

என்னை மிகவும் வருத்துவது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, வட்டி மட்டும் ஓடும். அரசு நிவாரணம் 8,000 ரூபாய். அது அந்த இரண்டு மாத வட்டிக்கே சரியாகப் போய்விடும். மே மாதம் பள்ளி விடுமுறை என்பதால் காலை உணவும் சத்துணவும் கிடையாது. முதலில் பாலும் முட்டையும் நிற்கும். பள்ளி திறந்தும் வராத பையனை விசாரித்தால், கருவாடு காயப்போடும் இடத்தில் கூலிக்கு நிற்பான்.

கணக்கெடுக்க வருகிறவர்களிடம் "வாடகை இல்லை" என்பதோடு நிறுத்தாதீர்கள். ஒத்தித் தொகை, அதில் கடன் எவ்வளவு, மாத வட்டி என்ன என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளையின் எடை குறைந்தால் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கும்போதே வீட்டுக் கடனையும் விசாரியுங்கள்.