‘ஃபவுண்டர்’ என்று மட்டும் எழுதினால் போதாது

பதினோரு வருடமாக ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். ஸ்டார்ட்அப் நடத்தி, மூடிவிட்டு வேலை தேடி வருகிறவர்களின் ரெஸ்யூமே பல நேரம் முதல் சுற்றிலேயே ஒதுக்கப்படுவதைப் பார்க்கிறேன். திறமைக் குறைவு காரணமில்லை. ‘ஃபவுண்டர் அண்ட் சிஇஓ’ என்ற வரியைப் படித்தால் அவர் செய்த வேலை என்னவென்று புரிவதில்லை.

போன மாதம் ஆபரேஷன்ஸ் மேனேஜர் வேலைக்கு ஒருவர் வந்தார். காய்கறி டெலிவரி நிறுவனத்தை மூன்றரை வருடம் நடத்தியவர். ரெஸ்யூமே முழுக்கத் தலைமைப் பண்பு, தொலைநோக்கு. “காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன். நாலு மணிக்குக் கோயம்பேட்டில் கொள்முதல், ஆறுக்குள் எடை போட்டுப் பிரிப்பது, 12 பையன்களுக்கு ரூட் போடுவது, மதியம் அழுகிய சரக்கின் கணக்கு. நூறு கிலோவுக்கு 18 கிலோ வீணானதை 7 கிலோவாகக் குறைத்திருக்கிறார். நாங்கள் தேடியதே இந்த ஆளைத்தான். அதில் ஒரு வரிகூட ரெஸ்யூமேயில் இல்லை. ‘நிறுவனர் – கொள்முதல், டெலிவரி பொறுப்பு’ என்று மாற்றி எழுதச் சொன்னேன்.

ஏன் மூடினீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். இரண்டு வாக்கியத்தில் உண்மையைச் சொல்லுங்கள், பார்ட்னரைத் திட்ட வேண்டாம். மறுபடி தொழில் தொடங்கப் போய்விடுவாரோ, மேலதிகாரி சொல்வதைக் கேட்பாரோ என்ற பயம் எதிரே இருப்பவருக்கு உண்டு. அவர் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் நீங்களே பேசிவிடுங்கள்.

அப்புறம் காகித வேலை. ஆஃபர் கைக்கு வந்தபிறகு சிக்குவது இங்கேதான். உங்களுக்கு ரிலீவிங் லெட்டர் (பழைய நிறுவனம் வேலையிலிருந்து விடுவித்ததற்கான கடிதம்) கொடுக்க ஆள் கிடையாது. நிறுவனப் பதிவுச் சான்றிதழ், ஜிஎஸ்டி பதிவு, வருமான வரிக் கணக்கு மூன்றையும் தயாராக வையுங்கள். 20 பேருக்குக் குறைவான நிறுவனத்துக்குப் பிஎஃப் பொதுவாகக் கட்டாயமில்லை என்பதால் உங்கள் பெயரில் பிஎஃப் பதிவே இல்லாமல் இருக்கலாம். ஹெச்ஆரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் சந்தேகம் வராது.

கடையை மூடினாலும், கம்பெனி விவகார அமைச்சகப் பதிவில் நீங்கள் இன்னும் டைரக்டராகவே இருக்கலாம். வேலையில் சேரும்போதோ, வேறு தொழிலில் இல்லை என்று பல நிறுவனங்கள் உங்களிடம் கையெழுத்து வாங்கும். டைரக்டர் பதவியை ராஜினாமா செய்தால், அதைத் தெரிவிக்கும் டிஐஆர்-12 படிவத்தைக் கம்பெனி 30 நாளுக்குள் அமைச்சகத்திடம் தாக்கல் செய்ய வேண்டும். பிரைவேட் லிமிடெட்டுக்குக் குறைந்தது இரண்டு டைரக்டர்கள் வேண்டும் என்பதால், இருவர் மட்டுமே இருந்தால் கம்பெனியையே பதிவிலிருந்து நீக்க எஸ்டிகே-2 என்ற விண்ணப்பப் படிவம் போடுவதுதான் பெரும்பாலும் வழி. தொடர்ந்து மூன்று வருடம் ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யாமல் விட்டால், 5 வருடத்துக்கு வேறு எந்தக் கம்பெனியிலும் டைரக்டர் ஆக முடியாது. சரி, இதெல்லாம் எந்த நிலையில் இருக்கிறது என்று விண்ணப்பம் போடும் முன்பே உங்கள் ஆடிட்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.