"எங்க வால்வு ஃப்ரீ லிஸ்ட்ல இருக்கு மேடம்": ஏற்றுமதியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்

சரக்கு துறைமுகத்தில் நின்றபிறகு வரும் அழைப்புகளில் எல்லாம் இதே வாக்கியம். "மேடம், எங்க ஐட்டம் 8481. ஃப்ரீ. சிஎச்ஏவும் ஒண்ணும் சொல்லலை." (சிஎச்ஏ என்பவர் சுங்க வேலைகளைப் பார்க்கும் முகவர்.) கோவையிலிருந்தும் இதே பேச்சு, அகமதாபாத்திலிருந்தும் இதே பேச்சு. இனியாவது இது நிற்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஹெச்.எஸ். கோடு என்ற சுங்க வகைப்பாட்டு எண்ணில் 8481 வால்வு, 8413 பம்ப். ஏற்றுமதிக் கொள்கையில் இவற்றுக்கு எதிரே "ஃப்ரீ" என்று இருப்பது உண்மைதான். ஆனால் ஆயுதத்துக்கும் பயன்படக்கூடிய பொருட்களைக் கட்டுப்படுத்தும் ஸ்கோமெட் பட்டியல் தனி. அது ஹெச்.எஸ். கோடை வைத்து ஓடுவதில்லை. என்ன அளவு, என்ன உலோகம், எவ்வளவு ஓட்டம் என்று தொழில்நுட்ப விவரத்தை வைத்து ஓடுகிறது. ஒரே 8481இல் போகும் இரண்டு வால்வுகளில் ஒன்றுக்கு டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) அனுமதி வேண்டியிருக்கும், மற்றதற்கு வேண்டியிருக்காது. கோடை மட்டும் பார்க்கும் சிஎச்ஏவுக்கு இது தெரிய வழியில்லை. உங்கள் டிசைன் என்ஜினியருக்குத்தான் தெரியும். அவரைக் கேட்காமல் ஷிப்பிங் பில் (சுங்கத்துக்குக் கொடுக்கும் ஏற்றுமதி ஆவணம்) போடுவதுதான் தவறு.

வால்வையே எடுத்துக்கொள்வோம். பட்டியலின் மூன்றாம் வகையில் ரசாயன ஆலைக் கருவிகள் வருகின்றன. டிஎன் 10க்கு (சுமார் 10 மி.மீ. குழாய் அளவு) மேற்பட்ட வால்வாக இருந்து, ரசாயனம் நேரடியாகப் படும் பரப்புகள் எல்லாம் குறிப்பிட்ட பொருட்களால் ஆனவையாக இருந்தால் அது கட்டுப்பாட்டுக்குள் வரும். டைட்டானியம், டான்டலம், சிர்கோனியம், கண்ணாடி, 40 சதவீதத்துக்கு மேல் நிக்கல் உள்ள கலவை, எடையில் 35 சதவீதத்துக்கு மேல் ஃப்ளோரின் உள்ள பாலிமர் எல்லாம் அந்தப் பொருட்களில் அடக்கம். பிடிஎஃப்இ (டெஃப்லான்) என்ற பாலிமரில் ஃப்ளோரின் சுமார் 76 சதவீதம். எனவே வெளியே சாதாரண வார்ப்பு எஃகாக இருந்தாலும், உள்ளே பிடிஎஃப்இயால் முழு லைனிங் போட்ட அரை அங்குல வால்வுகூடப் பட்டியலில் விழும். அதே சமயம், பிடிஎஃப்இ சீட் மட்டும் போட்ட எஸ்எஸ் 316 பால் வால்வு இந்தப் பதிவில் விழாது. பாடியும் உள்ளே சுழலும் உருண்டையும் பட்டியலில் இல்லாத 316 துருப்பிடிக்காத எஃகு அல்லவா. லைனரைத் தனியே ஸ்பேர் பார்ட்டாக அனுப்பினாலும் கட்டுப்பாடு உண்டு. இதை அநேகமாக எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

கஷ்டம் அலாய் 20 என்ற நிக்கல்-குரோமியக் கலவையில் வருகிறது. வரம்பு: நிக்கல் 25, குரோமியம் 20 சதவீதம், இரண்டையும் தாண்டினால் உள்ளே. அலாய் 20இன் வார்ப்பு வகையான சிஎன்7எம்மில் நிக்கல் எப்படியும் தாண்டிவிடும். குரோமியமோ 19 முதல் 22 வரை போகலாம். ஒரு ஹீட்டில் (ஒரே முறையில் உருக்கி வார்த்த தொகுதியில்) 19.6 வரும், அடுத்ததில் 20.4 வரும். கேட்லாக்கைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த ஹீட் நம்பருக்கான டெஸ்ட் சர்டிஃபிகேட்டை எடுத்துப் பாருங்கள், கோப்பிலும் வையுங்கள்.

"நாங்க ஜெர்மனிக்குத்தானே அனுப்புறோம்" என்பது அடுத்தது. பட்டியலில் உள்ள பொருள் எந்த நாட்டுக்குப் போனாலும் அனுமதி வேண்டும். சில நாடுகளுக்கு ஜிஏஇசி என்ற பொது அனுமதி இருக்கிறது. அதற்கும் முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்க வேண்டும், அனுப்பியபின் கணக்குக் கொடுக்க வேண்டும். கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட தொழில்நுட்பத்தின் வரைபடத்தை மின்னஞ்சலில் அனுப்புவதும் ஏற்றுமதியே. பெட்டி கப்பல் ஏறவில்லை என்பது பதிலாகாது.

விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் எண்ட் யூஸ் சர்டிஃபிகேட்டால், அதாவது பொருளைக் கடைசியில் யார், எதற்குப் பயன்படுத்துவார் என்ற சான்றால். இடையில் வாங்கி விற்கும் ஷார்ஜா டிரேடரின் முத்திரை போதாது. வால்வு கடைசியில் பொருத்தப்படும் ஆலையின் லெட்டர்ஹெட்டில், அங்கே பொறுப்பில் உள்ளவர் கையெழுத்திட்டு வர வேண்டும். அதிலுள்ள பர்ச்சேஸ் ஆர்டர் எண்ணும் எண்ணிக்கையும் உங்கள் விண்ணப்பத்தோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும். டிரேடர் ஆலையின் பெயரைச் சொல்ல மறுத்தாலோ, ஃப்ரைட் ஃபார்வர்டரையே (சரக்கு அனுப்பும் முகவரையே) வாங்குபவராகக் காட்டினாலோ ஆர்டரை நிறுத்துங்கள். பேரழிவு ஆயுதத்துக்குப் போகக்கூடும் என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால், பட்டியலில் இல்லாத பொருளுக்கும் அனுமதி கட்டாயம்.

அனுமதிக்கு வாரக்கணக்கில் ஆகும். "லைசென்ஸ் கிடைத்த தேதியிலிருந்து டெலிவரி" என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். எல்சி (வங்கிக் கடன் கடிதம்) தேதி நெருங்கியபின் ஓடி வந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

2005ஆம் ஆண்டு பேரழிவு ஆயுதச் சட்டத்தின் கீழ், அனுமதியில்லா ஏற்றுமதிக்கு 3 லட்சம் முதல் 20 லட்சம் ரூபாய் வரை அபராதம். இரண்டாம் முறை என்றால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. ஐஇசி (ஏற்றுமதி-இறக்குமதி எண்) முடக்கம் வேறு. சரக்கைச் சுங்கத்துறை பறிமுதல் செய்யலாம்.

ஏற்கனவே அனுப்பிவிட்டீர்களா? பழைய இன்வாய்ஸ்களைத் திருத்தாதீர்கள், மின்னஞ்சல்களை அழிக்காதீர்கள். கடந்த ஐந்தாண்டு ஷிப்பிங் பில்களை மாடல் வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அளவையும் மெட்டீரியலையும் எழுதுங்கள். பட்டியலில் விழுபவை இருந்தால், தானாக முன்வந்து டிஜிஎஃப்டியிடம் தெரிவிக்க நடைமுறை இருக்கிறது. அடுத்த பெட்டியை அனுப்பும் முன்பே அதைச் செய்துவிடுங்கள்.