கடற்காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

கடலட்டைக்குச் சுழியோடும் தம்பி ஒருவன் போன வருடம் ஒரு வெள்ளிக் காசைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்தான். "அக்கா, கறுத்துக் கிடந்தது. புளி போட்டு நல்லாத் தேய்ச்சனான்" என்றான். காசு மின்னியது. எழுத்துத்தான் இல்லை. எந்த ஊர்க் காசு, எந்த ஆண்டுக் காசு என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

பழைய உலோகங்களைப் பேணுவது என் தொழில். அந்தக் கறுப்பை அழுக்கு என்று நினைப்பவர்களை அடிக்கடி காண்கிறேன். உப்புத் தண்ணீரில் கிடக்கும் வெள்ளி, கந்தகத்தோடும் குளோரைடோடும் சேர்ந்து மேலிருந்து உள்நோக்கி மாறிக்கொண்டே போகும். முத்திரைக் கோடுகள் பல வேளை அந்தக் கறுத்த படலத்தில்தான் மிஞ்சியிருக்கும். ஆய்வுகூடத்தில் மெல்லிய மின்னோட்டம் செலுத்தி, அதில் ஒரு பகுதியைத் திரும்பவும் வெள்ளியாக்கலாம். தேய்த்துக் கழுவிவிட்டால் மீட்பதற்கு எதுவும் இல்லை.

காசுகள் கட்டியாகக் கிடைத்தால் இன்னும் கவனம் வேண்டும். 1961இல் இலங்கையின் தென்கரையில், வெளிச்சவீடு நிற்கும் கிறேட் பாசஸ் பாறைத்தொடரில் சுழியோடி மைக் வில்சனும் இரண்டு இளைஞர்களும் கண்டவை அப்படித்தான் இருந்தன. எல்லாம் முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் வெள்ளி ரூபாய்கள். இந்தியாவின் சூரத்தில் ஹிஜ்ரி 1113இல், நம் கணக்கில் 1701-02இல், அடித்தவை. பைத்துணி உக்கிவிட்டது, பையின் வடிவம் மட்டும் அப்படியே இருந்தது. ஒரு கட்டியில் ஏறத்தாழ 1000 காசு. காசுக்கு 11.5 கிராம் வைத்தால் பை ஒன்று பதினொன்றரைக் கிலோ. ஒரே ஊர், ஒரே ஆண்டு என்பதால், பல கை மாறிய பணமல்ல, புதிதாக அடித்து எண்ணிக் கட்டிக் கப்பலேற்றிய பணம் என்று தெரிந்தது. ஆளுக்குப் பத்தாகப் பிரித்திருந்தால் இது யாருக்குத் தெரிந்திருக்கும்? வெளிக்காசுகள் அரிபட்டு, உள்ளே இருந்தவற்றைக் காத்துவிட்டன. ஔரங்கசீப்பின் வெள்ளிக் காசுகளில் ஒரு பாரசீக ஈரடி உண்டு: ஒளிரும் முழுநிலவைப் போல உலகில் நாணயம் அடித்தார் என்று. ஒவ்வொரு முறை அதை வாசிக்கும்போதும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

கடலடியில் காசு கண்டால் எடுக்காதீர்கள். இடத்தையும் ஆழத்தையும் குறித்துத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். வலையோடு வந்துவிட்டதா? காயவிடாதீர்கள், காய்ந்தால் உள்ளே ஊறிய உப்புப் படிகமாகிப் படலத்தைப் பிளக்கும். ஒட்டிய பவளத்தோடும் சிப்பியோடும் அப்படியே மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில், தண்ணீருக்குள் மூழ்க வையுங்கள். புளி, தேசிக்காய், சாம்பல், பற்பசை எதுவும் வேண்டாம். நகைக்கடையில் மினுக்கக் கொடுக்கவும் வேண்டாம்.