மலையுச்சியிலிருந்து எவ்வளவு தூரம் தெரியும்?

மலையேறிப் பழகியவர்களுக்கு இந்த ஏமாற்றம் தெரியும். வானத்தை ஒட்டி நிற்கும் அந்த விளிம்புதான் உச்சி என்று நம்பி, மூச்சிரைக்க அங்கே போய்ச் சேர்ந்தால், பின்னால் இன்னொரு விளிம்பு எழுந்து நிற்கும். பல மலைச்சரிவுகள் மேலே போகப் போகச் சாய்வு குறைந்து, வயிறு போலப் புடைத்திருக்கும். கீழிருந்து பார்ப்பவரின் பார்வை அந்தப் புடைப்பை உரசிக்கொண்டு வானத்துக்குப் போய்விடுகிறது. அதற்கு அப்பால் இருப்பதை மலையே மறைத்துக்கொள்கிறது.

உண்மையான உச்சியில் நின்று சுற்றிப் பார்க்கும்போதும் இதுதான் நடக்கிறது. இப்போது மறைப்பது பூமியின் புடைப்பு. பார்வை பூமியை உரசிச் செல்லும் இடத்தைத்தான் தொடுவானம் என்கிறோம்.

அது எவ்வளவு தூரத்தில் இருக்கும்? மலையைச் சுற்றிக் கடல்போலச் சமமான பரப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைத்துவிடும். தரையில் நிற்பவருக்கு அது 5 கி.மீ. கூட இல்லை. 100 மீட்டர் உயரத்தில் 36 கி.மீ., 1,000 மீட்டரில் 113 கி.மீ., 4,000 மீட்டரில் 226 கி.மீ. பார்க்கும் தூரம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் நான்கு மடங்கு உயரம் ஏற வேண்டும். ஏறுகிறவருக்கு இது நஷ்டக் கணக்காகத் தோன்றலாம்.

ஆனால் தூரத்தை விட்டுவிட்டுப் பரப்பளவைப் பாருங்கள். பரப்பு தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் வர்க்கமூலம் பறித்துக்கொண்டதை அது திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஏறும் ஒவ்வொரு மீட்டருக்கும், முதல் மீட்டரானாலும் ஆயிரமாவது மீட்டரானாலும், கண்ணுக்குள் புதிதாக வரும் நிலம் ஏறத்தாழ 40 சதுர கி.மீ. முழங்காலுக்கும் கீழே நிற்கும் கால் மீட்டர் பாறைப்படி ஒன்றில் ஏறினால் 10 சதுர கி.மீ. கூடுகிறது. மலையேற்றத்தில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. கடைசி நூறு மீட்டரில் கால் கெஞ்சும்போது அதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

உயரம் கூடக் கூடத் தொடுவானம் கண்மட்டத்திலிருந்து சற்றுக் கீழே இறங்குகிறது. 1,000 மீட்டரில் அது ஏறத்தாழ ஒரு பாகை, அதாவது இரண்டு முழுநிலவுகளின் அகலம். இந்தச் சின்னக் கோணத்தை வைத்து 11ஆம் நூற்றாண்டில் அறிஞர் அல்-பிரூனி பூமியையே அளந்தார். இன்றைய பாகிஸ்தானில் உள்ள நந்தனா கோட்டைக்கு அருகே ஒரு மலைமீது ஏறி, தொடுவானம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்தார். மலையின் உயரத்தை ஏற்கெனவே அளந்து வைத்திருந்ததால், அந்த இரண்டையும் கொண்டே பூமியின் ஆரத்தைக் கணக்கிட முடிந்தது.

சரி, தொடுவானத்துக்கு அப்பால் எதுவுமே தெரியாதா? உயரமானது தெரியும். தொலைவில் இன்னொரு மலை இருந்தால், நம் உச்சியிலிருந்து தொடுவானம் இருக்கும் தூரத்தையும் அந்த உச்சியிலிருந்து தொடுவானம் இருக்கும் தூரத்தையும் கூட்டிக்கொள்ளலாம். பிரான்ஸ்-ஸ்பெயின் எல்லையில் உள்ள பைரனீஸ் மலைத்தொடரின் ஃபினெஸ்ட்ரெல் சிகரத்திலிருந்து ஆல்ப்ஸ் மலைத்தொடரின் காஸ்பார் சிகரத்தை 2016 ஜூலையில் ஒருவர் படம்பிடித்தார். இடையே 443 கி.மீ. கின்னஸ் பதிவிலும் அது இடம்பெற்றது. முன்னது 2,800 மீட்டரைச் சற்றுத் தாண்டிய சிகரம். பின்னது 3,900 மீட்டரை நெருங்குவது. நம் சூத்திரத்தில் போட்டால் முதலாவதற்கு 190, இரண்டாவதற்கு 222, ஆக மொத்தம் 412 கி.மீ. முப்பது கிலோமீட்டருக்கு மேல் இடிக்கிறது. கணக்கின்படி காஸ்பார் பூமியின் புடைப்புக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும்.

இங்கேதான் காற்று வருகிறது. தரையை ஒட்டிய காற்று அடர்த்தியானது, மேலே உள்ளது லேசானது. அடுக்கடுக்காக அடர்த்தி மாறும் காற்றின் ஊடே போகும் ஒளி, அடர்த்தியான பக்கம், அதாவது பூமியை நோக்கி, மெல்ல வளைகிறது. அதனால் பூமியின் வளைவில் சற்றேறக்குறைய ஏழில் ஒரு பங்கை ஒளி ஈடுகட்டிவிடுகிறது. 3.57 என்ற எண் 3.86 ஆகிறது. திரும்பப் போட்டுப் பாருங்கள்: 445 கி.மீ. படம் எடுத்த தூரத்தைவிட இரண்டே கிலோமீட்டர் அதிகம். காற்று வளைத்துக் கொடுத்திருக்காவிட்டால் அந்தப் படம் இல்லை.

ஆனால் கொடுக்கிற காற்றே பறிக்கவும் செய்கிறது. காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன, சிவப்பைவிட நீலத்தை மிக அதிகமாக. தூரத்து மலைக்கும் நமக்கும் நடுவே உள்ள காற்று சூரிய ஒளியில் கொஞ்சம் நீலத்தைச் சிதறி நம் கண்ணுக்கு அனுப்புகிறது. நாம் பார்க்கும் நீலம் மலையினுடையது அல்ல, நடுவில் நிற்கும் காற்றினுடையது. காற்றின் தடிமன் கூடக் கூட இந்த ஒளியும் கூடும். அதனால்தான் மடிப்பு மடிப்பாகத் தெரியும் மலைகளில் அருகில் உள்ளது கரும்பச்சையாகவும், பின்னால் இருப்பவை ஒன்றைவிட ஒன்று வெளிறியும் இருக்கின்றன. கடைசியில் மலைக்கும் வானத்துக்கும் இடையிலான வேறுபாடு நூற்றில் இரண்டு பங்கு என்ற அளவுக்குத் தேய்ந்துவிட்டால் கண் கைவிட்டுவிடும். 1924இல் ஜெர்மன் அறிவியலாளர் கோஷ்மீடர் வகுத்த கணக்கு இது. தூசியே இல்லாத தூய காற்றுக்கும் கடல்மட்டத்தில் அந்த எல்லை ஏறத்தாழ 300 கி.மீ.தான்.

இந்த வெளிறலை நாம் அறியாமலே அளவுகோலாகப் பயன்படுத்துகிறோம். மழை கழுவிவிட்டுப் போன நாளில் எதிர்மலை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். அதை நம்பி, "இதோ, ஒரு மணி நேரத்தில் போய்விடலாம்" என்று கிளம்பாதீர்கள். காற்றே இல்லாத நிலவில் இந்தக் குழப்பம் இன்னும் மோசமானது. 1971இல் அப்பல்லோ 14இல் போன ஷெப்பர்டும் மிட்செலும் கோன் பள்ளத்தின் விளிம்பைத் தேடி நடந்து, அதற்கு மிக அருகே போயும், கண்டுபிடிக்க முடியாமல் திரும்பினார்கள்.

தூய காற்றுக்கு 300 என்றால், நடைமுறையில் 50 கி.மீ. தெரிந்தாலே நல்ல நாள். மூலக்கூறுகளைவிடப் பெரிய தடை புகை, தூசி, உப்புத்துகள் போன்றவை. காற்றில் ஈரம் கூடும்போது இவற்றில் பல நீரை இழுத்துக்கொண்டு ஊதிப்போகும். அதே அளவு தூசி காலையில் ஒரு மாதிரியும் மழைக்கு முன் புழுக்கத்தில் வேறு மாதிரியும் மறைப்பது இதனால்தான்.

எப்போது ஏறுவது என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. பகலில் வெயில் தரையைச் சூடாக்க, சூடான காற்று எழும்பி, கீழே உள்ள புகையையும் ஈரத்தையும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரம்வரை கலக்கிவிடும். மலைச்சரிவு சூடாவதால் பள்ளத்தாக்குக் காற்று சரிவோடு மேலேறும். உச்சிக்கு வரும்போது குளிர்ந்து மேகமாகிவிடும். நண்பகலில் ஏறி, வெள்ளைத் திரையைத் தவிர எதையும் பார்க்காமல் இறங்கிய நாள் எனக்கும் உண்டு. அன்று அடைந்த ஏமாற்றம்தான் இதையெல்லாம் தேடிப் படிக்க வைத்தது. இரவில் நிலைமை தலைகீழ். தரை குளிர்ந்து, கனமான குளிர்காற்று சரிவு வழியே வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதன்மேல் சற்று வெப்பமான காற்று மூடிபோல உட்காரும். மூட்டம் பெரும்பாலும் மூடிக்குக் கீழே அடங்கிவிட, உச்சி அதற்கு மேலே நிற்கும். விடியலில் காலடியில் மேகக்கடல் பரந்து கிடப்பது இப்படித்தான். குளிர்ந்த காற்று கீழேயும் வெப்பமான காற்று மேலேயும் இருப்பதால் ஒளி இன்னும் அதிகமாக வளையும் என்பது கூடுதல் லாபம்.

அப்புறம் அந்த 443 கி.மீ.? 300 என்ற எல்லையை அது எப்படித் தாண்டியது? ஒளி சென்ற பாதையில் பெரும்பகுதி உயரத்தில், லேசான காற்றில் இருந்தது. அதைவிட முக்கியம், படம் எடுத்தது விடியலில், ஆல்ப்ஸுக்குப் பின்னால் வானம் சிவந்திருந்தபோது. 300 என்பது பச்சை ஒளிக்கான கணக்கு. சிவப்பு அதைவிட வெகுதூரம் சிதறாமல் வரும். நடுவில் உள்ள காற்றின்மேல் இன்னும் நேர்வெயில் விழவில்லை. அதனால் அது திரையாக ஒளிரவில்லை. ஒளிரும் வானத்தின்முன் மலை கறுத்த கோடாக மட்டும் நின்றது.

ஆகவே உச்சியில் இரவு தங்க வாய்த்தால், சூரியன் எழுவதற்கு அரைமணி முன்பே எழுந்து, வெளுத்துவரும் பக்கத்தைப் பாருங்கள். பைனாகுலர் இருந்தால் கண் பாதுகாப்புக்காகச் சூரியன் எழும் முன்பே அதை இறக்கிவிடுங்கள். முந்தைய நாள் முழுக்கத் தெரியாத மலைகள் அப்போது தெரியலாம். சூரியன் மேலே வந்ததும் நடுவில் உள்ள காற்று ஒளிரத் தொடங்கும். தூரத்துக் கோடுகள் ஒவ்வொன்றாகக் கரைந்துவிடும்.