விமானக் கட்டுப்பாட்டுப் பயிலுநர்: கொடுப்பனவு எது, சம்பளம் எது?

உயர்தரத்தில் கணிதம் படித்து, ஆங்கிலமும் தடுமாறாமல் பேசும் பிள்ளை இருந்தால், களுவாஞ்சிக்குடியிலோ கல்முனையிலோ யாராவது ஒருவர் “எயார் டிராபிக் கொன்ட்ரோலருக்குப் போடலாமே, நல்ல சம்பளம்” என்று சொல்லிவிடுகிறார். சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்தச் சம்பளம் உரிமம் பெற்று, தனியாக மைக்கைப் பிடித்து விமானங்களுக்கு வழிகாட்டும் கட்டுப்பாட்டாளருக்கு உரியது. அதுவரை பயிலுநருக்குக் கிடைப்பது பயிற்சிக் கொடுப்பனவு. வீட்டார் கணக்குப் போட வேண்டியது முதலில் அதைத்தான்.

ஆட்சேர்ப்பதும் பணம் கொடுப்பதும் விமான நிலைய மற்றும் விமான சேவைகள் நிறுவனம். அது அரசுக்குச் சொந்தமான கம்பனி. உரிமம் வழங்குவது சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை. வேலை கம்பனியில் என்பதால், பட்ஜெட்டில் அறிவிக்கப்படும் அரச ஊழியர் சம்பள உயர்வு பயிலுநரின் கைக்கும் தானாக வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. 2025 பட்ஜெட்டில் அரச சேவையின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். பயிலுநருக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்வது அந்த அறிவிப்பு அல்ல, கையில் இருக்கும் நியமனக் கடிதம்.

அந்தக் கடிதத்தில் தொகை எழுதப்பட்டுள்ள வரியை இரண்டு முறை வாசியுங்கள். ‘அனைத்தும் உள்ளடங்கிய மாதாந்தக் கொடுப்பனவு’ என்றிருந்தால் வாழ்க்கைச் செலவு, சாப்பாடு, பயணம் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். மேலே எதையும் எதிர்பார்க்க முடியாது. ‘அடிப்படைச் சம்பளமும் கொடுப்பனவுகளும்’ என்றிருந்தால் ஒவ்வொன்றும் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். தங்குமிடம் தருகிறார்களா என்பதையும் எழுத்தில் கேட்பது நல்லது. மருத்துவப் பரிசோதனைக்கு யார் பணம் கட்டுவது என்பதையும் அதே கையோடு கேட்டுவிடுங்கள்.

பயிற்சி நிலையம் இரத்மலானையில் இருக்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் வெள்ளவத்தையில்தான் அறை தேடுவார்கள். சொந்தக்காரர் இருப்பார், கடைச் சாப்பாடும் நாக்குக்குப் பிடிக்கும். காலி வீதியில் 100 அல்லது 101 இலக்க பஸ் ஏறினால் நேரே இரத்மலானையில் இறங்கலாம். ஆனால் கட்டுப்பாட்டுக் கோபுரப் பயிற்சி கட்டுநாயக்க விமான நிலையத்தில் என்று வந்துவிட்டால் அந்த அறையால் பயனில்லை. ஆறு மாத முற்பணம் கேட்கும் வீட்டுக்காரரிடம் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, அடுத்த கட்டப் பயிற்சி எங்கே நடக்கும் என்று விசாரித்துவிடுங்கள்.

இனிப் பிடித்தங்கள். பயிலுநர் என்பதால் ஊழியர் சேமலாப நிதி கிடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம், தொழில் பழகுவதற்கான ஒப்பந்தத்தில் இருப்பவரையும் ஊழியராகவே கொள்கிறது. ஊழியர் பங்கு 8 சதவீதம், தொழில்தருநர் பங்கு 12 சதவீதம். அதைவிட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதத்தைத் தொழில்தருநரே கட்ட வேண்டும். கணக்குக்காக மட்டும் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 3,200 ரூபாய் பிடிக்கப்படும். 25 ரூபாய் முத்திரைக்குப் போகும். கைக்கு வருவது 36,775 ரூபாய். நிறுவனம் தன் பங்காகச் சேமலாப நிதிக்கு 4,800 ரூபாயும் நம்பிக்கை நிதிக்கு 1,200 ரூபாயும் கட்டும். 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 ரூபாய் வரையான சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. பயிற்சிக் காலத்தில் அந்தக் கவலை பெரும்பாலும் வராது. பின்னால் சம்பளம் ஏறி மேலதிக நேரப் பணமும் சேரும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மேலதிக நேரப் பணத்துக்குச் சேமலாப நிதி சேராது, ஆனால் வரிக் கணக்கில் அது சேரும்.

கொடுப்பனவு எப்போது சம்பளமாகும் என்பதற்கு நாட்காட்டியில் தேதி குறிக்க முடியாது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி உரிமத்துக்குக் குறைந்த வயது 21. மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழும் ஆங்கிலத்தில் குறைந்தது நான்காம் நிலைத் தேர்ச்சியும் வேண்டும். வகுப்பறையும் சிமுலேட்டரும் முடிந்தபின், நிஜ விமானங்களோடு மேற்பார்வையின் கீழ்ப் பணி செய்ய வேண்டும். கோபுரக் கட்டுப்பாட்டுத் தகுதிக்கு 90 மணித்தியாலம் அல்லது ஒரு மாதம், விமான நிலையத்தை நெருங்கும், விட்டுச் செல்லும் விமானங்களைப் பார்க்கும் அணுகுமுகக் கட்டுப்பாட்டுக்கும், வழியில் பறப்பவற்றைப் பார்க்கும் வான்பரப்புக் கட்டுப்பாட்டுக்கும் 180 மணித்தியாலம் அல்லது மூன்று மாதம்; இவற்றில் எது கூடவோ அது. இது ஆகக்குறைந்த அளவுதான். பயிற்றுநர் ‘இன்னும் போதாது’ என்று சொன்னால் பயிற்சி நீளும், கொடுப்பனவும் அதே அளவில் நீளும். ஆகவே ஆட்சேர்ப்பு அறிவித்தலில் குறிப்பிட்ட காலத்துக்கு மேல் சில மாதச் செலவுக்காவது வீட்டில் பணம் இருப்பது நல்லது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

பிணைமுறியும் ஒன்று உண்டு. இத்தகைய பயிற்சிகளில் குறிப்பிட்ட காலம் சேவை செய்வதாக ஒப்பமிடச் சொல்வதும், பிணையாளர்களைக் கேட்பதும் வழக்கம். இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை, வாங்கிய கொடுப்பனவைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். பிணை நிற்கும் மாமாவோ பெரியப்பாவோ அந்தத் தொகையைத் தம் கண்ணால் பார்த்தபின் கையெழுத்திடட்டும். பரீட்சையில் தவறி வெளியேற்றப்பட்டாலும் அந்தப் பணம் கட்ட வேண்டுமா என்பது தனிக் கேள்வி. அதற்கான பதில் பிணைமுறியிலேயே இருக்க வேண்டும், வாய்ப்பேச்சில் அல்ல.

“பயிற்சி முடிந்ததும் திமிலைதீவில் இருக்கும் மட்டக்களப்பு விமான நிலையத்துக்கே மாற்றல் எடுத்து வந்துவிடலாம்” என்ற நம்பிக்கை மட்டக்களப்பு வீடுகளில் பலமாக இருக்கிறது. கட்டுப்பாட்டுத் தகுதி அந்தந்த நிலையத்துக்கே உரியது. கட்டுநாயக்கவில் தகுதி பெற்றவர் வேறொரு கோபுரத்துக்கு வந்தால், அங்கே மறுபடியும் மேற்பார்வையின் கீழ்ப் பணி செய்து அந்த நிலையத்துக்கான தகுதியைப் பெற வேண்டும். மட்டக்களப்பு நாள் முழுக்க விமானம் வந்திறங்கும் இடமும் அல்ல. ஆகவே உரிமம் பெற்ற பின்னும் சில ஆண்டுகள் கொழும்புப் பக்கத்து வாடகை தொடரும் என்று எடுத்துக்கொண்டே வரவு செலவைப் போடுங்கள்.