கண் விழித்த முதல் நிமிடம்

மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். படிகளெல்லாம் தண்ணீர். ஆனாலும் கால் நனையவில்லை. மேலே போனால், பள்ளியில் எனக்குக் கணக்கு நடத்திய டீச்சர், வரிசையாக உட்கார்ந்திருந்த பறவைகளுக்கு அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். என் பெயரைக் கூப்பிட்டார். எனக்குக் குரலே வரவில்லை. அந்தத் தவிப்பில் விழிப்பு வந்துவிட்டது.

இந்தக் கனவு வந்து பல மாதங்கள் ஆகின்றன. தண்ணீர்ப் படிகள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. ஆனால் அதே இரவில் வந்த மற்ற கனவுகளில் ஒன்றுகூட நினைவில் இல்லை. வந்திருக்கும் என்று எப்படிச் சொல்கிறேன்?

1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி, நதானியேல் கிளைட்மன் என்ற இரண்டு தூக்க ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். தூங்குபவர்களின் மூடிய இமைக்குள் விழிகள் சில நேரங்களில் வேகவேகமாக அசைந்தன. அந்த நேரம் பார்த்து எழுப்பிக் கேட்டார்கள். 27 தடவை எழுப்பியதில் 20 தடவை விவரமான கனவு கிடைத்தது. விழி அசையாத நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்கவில்லை. விழிகள் வேகமாக அசையும் அந்தத் தூக்கத்தைத்தான் இன்று ரெம் (REM) தூக்கம் என்கிறோம். ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு முறை அது வரும். இரவுக்கு நான்கைந்து தடவை. முதல் தடவை அது சில நிமிடங்களில் முடிந்துவிடும், விடிய விடிய ஒவ்வொரு தடவையும் நீண்டுகொண்டே போகும். (மற்ற வகைத் தூக்கத்திலும் கனவு உண்டு என்று பிற்பாடு தெரியவந்தது. ஆனால் காட்சியும் கதையுமாக விரியும் கனவுகள் ரெம் தூக்கத்தில்தான் அதிகம்.) கனவே வராது என்று சொல்பவர்களைக்கூட ஆய்வகத்தில் இந்த நேரத்தில் எழுப்பினால், பலர் கனவு சொல்கிறார்கள்.

அப்படியென்றால் குறை கனவில் இல்லை. அது பதியாமல் போவதில் இருக்கிறது.

விழித்திருக்கும்போது முக்கியமான ஏதாவது நடந்தால், மூளைத்தண்டில் உள்ள ஒரு சின்ன நரம்புக்கூட்டம் நார்அட்ரினலினைச் சுரக்கும். கவனத்தைக் கூர்மையாக்கி, நினைவு ஆழமாகப் பதிய உதவும் ரசாயனம் அது. ரெம் தூக்கத்தில் இந்த நரம்புக்கூட்டம் ஏறக்குறைய முழுமையாக அடங்கிவிடுகிறது. அதே நேரம் உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலா மும்முரமாக வேலை செய்கிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும், சரிபார்த்துக் கேள்வி கேட்கும் பகுதி ஓய்ந்து கிடக்கிறது. படி தண்ணீராக இருந்தும் எனக்குச் சந்தேகம் வராததற்கும், பெயர் கூப்பிட்டதற்கே நெஞ்சு பதறியதற்கும் காரணம் இதுதான். 2019-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிகளிடம் இன்னொன்றையும் கண்டார்கள். ரெம் தூக்கத்தில் வேலை செய்யும், மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸில் உள்ள சில நரம்புகள், நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியை அடக்கி, மறதிக்கு வழி செய்கின்றன. மறப்பதும் மூளை செய்யும் ஒரு வேலைதான் போலும்.

சரி, அப்புறம் எப்படிச் சில கனவுகள் தப்பிக்கின்றன? விழிப்பினால்தான். கனவின் நடுவில் விழித்துவிட்டால், அதன் கடைசித் துண்டு குறுகிய கால நினைவில் இன்னும் சூடாக இருக்கும். பதியவைக்கும் ரசாயனமும் அப்போது திரும்பி வந்துவிடும். இரண்டும் சந்திக்கும் அந்தச் சில நொடிகளில் தப்பியதுதான் நமக்கு மிஞ்சும் கனவு. பிரான்சின் லியோன் நகரில் செய்த ஆய்வும் இதையே காட்டுகிறது. கனவை அடிக்கடி நினைவு வைத்திருப்பவர்கள், மற்றவர்களைவிட இரவில் இருமடங்கு நேரம் விழித்துக் கிடந்தார்கள்.  விசித்திரமான, பயங்கரமான கனவுகள் அதிகம் நினைவில் நிற்பதற்கும் இதில் பங்குண்டு என்று நினைக்கிறேன்: அவை தாமே நம்மை எழுப்பிவிடுகின்றன.

இந்த நினைவு எவ்வளவு மெலிதானது என்பதற்கு மருந்தியல் விஞ்ஞானி ஓட்டோ லோவி சொன்ன கதையைவிட நல்ல சாட்சி இல்லை. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் இருந்த அவருக்கு ஒரு நாள் நள்ளிரவில் ஒரு சோதனை கனவில் வந்தது. விழித்து ஒரு துண்டுத் தாளில் கிறுக்கிவிட்டுத் தூங்கிப்போனார். காலையில் கிறுக்கலும் புரியவில்லை, கனவும் நினைவில்லை. மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே கனவு. இந்தத் தடவை எழுதிக்கொண்டிருக்காமல் நேரே ஆய்வகத்துக்குப் போனார். ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டித் துடிப்பைக் குறைத்து, அதிலிருந்த திரவத்தை இன்னொரு இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது. நரம்புகள் ரசாயனத்தால் பேசுகின்றன என்று அப்படித்தான் தெளிவானது. 1936-இல் நோபல் பரிசும் கிடைத்தது. அவர் கண்டுபிடித்த பொருள் அசிட்டைல்கோலின். ரெம் தூக்கத்தில் மூளையில் பெருகுவதும் அதுதான். எனக்கு இதை எண்ணும்போதெல்லாம் சிலிர்க்கும்.

காலையில் கனவைப் பிடித்துவைக்க விரும்பினால், விழித்ததும் போனை எடுக்காதீர்கள். 1973-இல் ஒரு சோதனையில், எழுந்த உடனே ஒரு எண்ணுக்குப் போன் செய்து வானிலையைக் கேட்டு எழுதிவைக்கச் சிலரிடம் சொன்னார்கள். சும்மா படுத்திருந்தவர்களைவிட அவர்களுக்குக் கனவு குறைவாகவே நினைவிருந்தது. புதிதாக ஏதாவது உள்ளே வந்தால் பழையது கரைந்துவிடுகிறது. அதனால் புரளாமல், கண்ணைத் திறக்காமல், என்ன உணர்ச்சி மிச்சமிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். காட்சி அப்புறம் வரும், அதுவும் பின்னாலிருந்து முன்னால். அன்று எனக்கு முதலில் கிடைத்தது குரல் வராத தவிப்பு மட்டும்தான். அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனபோது டீச்சர் வந்தார், பறவைகள் வந்தன, கடைசியாகத்தான் தண்ணீர்ப் படிகள் வந்தன. அதற்கு முன்னால் நான் எங்கிருந்து ஏறி வந்தேன் என்பது மட்டும் கிடைக்கவே இல்லை.